சின்ன வீட்டுக்கு இரண்டு நிலை ஹீட் பம்ப்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீட் பம்ப் என்பது ஏசிதானே?

பாதி சரி. ஏசி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் கோடையில் அதே வேலையைச் செய்யும். குளிர்காலத்தில் வெளிக்காற்றின் சூட்டை அள்ளி வீட்டுக்குள் கொண்டுவரும். இந்தத் திசைமாற்றத்தைச் செய்வது வெளி யூனிட்டுக்குள் இருக்கும் ரிவர்சிங் வால்வு.

வெளியே உறையும் குளிர் அடிக்கும்போது காற்றில் ஏது சூடு என்று பலரும் கேட்கிறார்கள். சூடு துளியும் இல்லாத நிலை என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே எந்தக் காற்றிலும் எடுப்பதற்குக் கொஞ்சம் இருக்கும். சூட்டைச் சுமக்க மெஷினுக்குள் சுற்றும் ஆர்-410ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் மைனஸ் 51 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிப்பட்ட திரவத்துக்கு மைனஸ் 5 டிகிரிக் காற்றுகூட அடுப்புதான்.

சாதாரண மின் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு யூனிட் சூடு தரும். மிதமான குளிரில் ஹீட் பம்ப் அதே ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும். அது சூட்டை உண்டாக்குவதில்லை, சுமந்து வருகிறது. மின்சாரம் சுமைகூலி மட்டுமே.

இரண்டு நிலை என்றால் என்ன?

ஒரு நிலை மெஷினுக்கு இரண்டே கதி: ஓடினால் முழுத்திறன், இல்லாவிட்டால் ஓய்வு. டூ-ஸ்டேஜ் என்று கடையில் சொல்லப்படும் இரண்டு நிலை மெஷினில் நடுவில் இன்னொரு படி உண்டு. பெரும்பாலும் அது முழுத்திறனில் 65 முதல் 70 சதவீதம்.

பலவற்றில் இது நடக்கும் விதம் எளிமையானது. கேஸை அழுத்தும் ஸ்க்ரோல் கம்ப்ரசரின் உள்ளே, கேஸ் அழுத்தப்பட்டுக்கொண்டே போகும் பாதையின் நடுவில், சின்னத் துளைகள் இருக்கும். சோலனாய்டு என்ற மின்காந்த வால்வு அவற்றைத் திறந்துவிட்டால் கேஸில் ஒரு பங்கு அழுத்தப்படாமல் நழுவித் திரும்பிவிடும். அது குறைந்த நிலை. துளைகளை மூடினால் முழு நிலை. மோட்டார் இரண்டு நிலைகளிலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வேகத்தையே கூட்டிக் குறைப்பது இன்வெர்ட்டர். அது வேறு ஜாதி, பின்னால் வருகிறேன்.

சின்ன வீட்டுக்கு இது தேவையா?

பல விளம்பரங்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

மெஷினின் அளவை முடிவு செய்வது வருடத்தின் மிகக் கடுமையான நாட்கள். குளிர்காலக் கணக்குக்குப் பொதுவாக எடுக்கப்படும் வடிவமைப்பு வெப்பநிலை, வருடத்தில் 99 சதவீத நேரம் அதைவிடக் குளிர் கூடாத ஒரு புள்ளி. வருடத்துக்கு 8,760 மணி நேரம். மீதமுள்ள ஒரு சதவீதம் சுமார் 88 மணி நேரம். அந்தச் சில நாட்களுக்காக வாங்கிய முழுத்திறன் மற்ற நாட்களில் பெரும்பாலும் மிகை. இரண்டு நிலை மெஷின் அந்த மற்ற நாட்களில் அடங்கிய திறனில் நீண்ட நேரம் ஓடும். அறைக்கு அறை வெப்பம் சீராக இருக்கும், சத்தம் குறையும், கம்ப்ரசர் நிற்பதும் கிளம்புவதும் குறையும்.

இதுவரை விளம்பரமும் இதையேதான் சொல்லும். இனி கணக்கைப் பாருங்கள்.

மெஷினின் திறனை டன்னில் சொல்வார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். டக்ட் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) வழியாக ஓடும் இரண்டு நிலை மெஷின்களின் வரிசை பெரும்பாலும் 2 டன்னில்தான் ஆரம்பிக்கிறது. 2 டன் என்றால் 24,000 பிடியூ. அதன் குறைந்த நிலை சுமார் 16,000.

உங்கள் வீட்டின் உச்சத் தேவை 20,000 பிடியூ என்று வைத்துக்கொள்வோம். 16,000 பெரும்பாலான நாட்களுக்குப் போதும், கடும் வெயிலில் மேல்நிலை கைகொடுக்கும். நல்ல பொருத்தம். அதே மெஷினை உச்சத் தேவை 12,000 மட்டுமே உள்ள வீட்டில் வைத்தால்? குறைந்த நிலையே தேவைக்கு மேல். மேல்நிலைக்கு ஒருநாளும் வேலை வராது. இரண்டு நிலைக்கு விலை கொடுத்து, அளவு பெரிதான ஒரு நிலை மெஷினை வாங்கியிருப்பீர்கள். அந்த வீட்டுக்கு 1 டன் ஒரு நிலை மெஷினோ, சின்ன இன்வெர்ட்டரோ மேல்.

விரலுக்கு ஏற்ற வீக்கம் என்பதை இந்த விஷயத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலில் அளவு. எத்தனை நிலை என்பது அதற்குப் பிறகு.

என் வீட்டுக்கு எத்தனை டன்? சதுர அடியை வைத்துச் சொல்லிவிடலாமா?

சொல்லிவிடுவார்கள். நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பரப்பளவு ஒன்றாக இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு தேவைப்படலாம். மேற்கு பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், கூரைக்கு மேல் காப்பு இருக்கிறதா, சுவரின் கனம், கதவு இடுக்கில் எவ்வளவு காற்று புகுகிறது, மேலே இன்னொரு வீடு இருக்கிறதா அல்லது மொட்டைக் கூரையா, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் சேர்ந்துதான் தேவையைத் தீர்மானிக்கும். அறைக்கு அறை அளந்து இதைக் கணக்கிடும் முறைகள் உண்டு. வட அமெரிக்காவில் பழக்கத்தில் இருப்பது மேனுவல் ஜே. அதை வைத்து மெஷினைத் தேர்ந்தெடுக்க மேனுவல் எஸ், டக்டுக்கு மேனுவல் டி. கொட்டேஷன் கேட்கும்போதே, எந்த வெளி வெப்பநிலைக்கு எத்தனை பிடியூ என்ற கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். டேப்பை எடுக்காமல், ஒரு ஜன்னலைக்கூடப் பார்க்காமல் டன் சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம்.

இருந்த பழைய ஏசியின் அளவையே திரும்பப் போடுவதும் இதே தவறுதான். பழையதைப் போட்டவரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

கணக்குப் போடுவதற்கு முன் கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்து, கூரைக் காப்பைச் சரிசெய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். தேவை அரை டன் குறைந்தாலே ஒருபடி சின்ன மெஷின் போதும். மலிவான மெஷினுக்குப் போகும் வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் தரம் குறைவதில்லை.

கொஞ்சம் பெரிதாகவே இருந்துவிட்டால் என்ன நஷ்டம்?

பெரிய மெஷின் காற்றை மளமளவென்று குளிர்விக்கும், ஈரத்தை எடுக்காது. ஈரம் வெளியேற வேண்டுமென்றால், காற்று பட்டுக் குளிரும் குழாய்ச் சுருளான ‘காயில்’ போதுமான நேரம் சில்லென்றிருந்து, அதில் படிந்த நீர் சொட்டி வடிய வேண்டும். ஐந்தாறு நிமிடம் ஓடி நின்றுவிடும் மெஷினில் காயிலில் படிந்த நீர் வடிவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அதற்குமேல் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஈரம் திரும்ப அறைக்கே வந்து சேரும். தெர்மோஸ்டாட்டில் 23 டிகிரி காட்டும், உடம்பு மட்டும் பிசுபிசுக்கும். அதோடு அடிக்கடி நின்று கிளம்புவதில் மின்சாரமும் வீண், கம்ப்ரசருக்கும் தேய்மானம்.

கடுங்குளிரில் தாங்குமா? கூடுதல் ஹீட்டர் எத்தனை கிலோவாட் வேண்டும்?

வெளியே குளிரக் குளிர ஹீட் பம்ப் தரும் சூடு குறையும், வீட்டின் தேவையோ கூடும். இந்த இரண்டும் சந்திக்கும் வெப்பநிலைக்குச் சமநிலைப் புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே துணைக்கு ஏதாவது வேண்டும். பெரும்பாலும் அது உள் யூனிட்டில் பொருத்தும் மின் ஹீட்டர்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் சூட்டுத்திறன் சுமார் 8 டிகிரிக்கு உரியது. மைனஸ் 8 டிகிரியில் என்ன தரும் என்பதைத் தனியாகக் கேளுங்கள். விவரக்குறிப்பில் அந்த எண்ணும் இருக்கும். குளிர்ப்பகுதிக்கென்று செய்யப்படாத சாதாரண மெஷின் அங்கே மூன்றில் இரண்டு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் தரும்.

2 டன் மெஷின் மைனஸ் 8 டிகிரியில் 15,000 பிடியூ தருகிறது, வீட்டுக்கு 20,000 வேண்டும் என்று வைப்போம். பற்றாக்குறை 5,000. ஒரு கிலோவாட் ஹீட்டர் 3,412 பிடியூ தரும் என்பதால் ஒன்றரை கிலோவாட் இருந்தாலே சமாளிக்கலாம். 5 கிலோவாட் ஹீட்டர் போட்டால் மெஷின் பழுதாகி நிற்கும் நாளிலும் 17,000 பிடியூ கையில் இருக்கும். ஆனால் கொட்டேஷனில் 10, 15 என்று எழுதி வரும். அதற்குத் தடித்த வயர், பெரிய பிரேக்கர், சில வீடுகளில் மின் இணைப்பையே உயர்த்த வேண்டிய செலவு. சின்ன வீட்டுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

குளிர் மைனஸ் 15, மைனஸ் 20 என்று வாரக்கணக்கில் நிற்கும் இடமாக இருந்தால் சாதாரண இரண்டு நிலை மெஷினை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே குளிர்ப்பகுதி இன்வெர்ட்டர் வகைதான் சரி.

இரண்டு நிலைக்குப் பதிலாக இன்வெர்ட்டரே வாங்கிவிட்டால்?

வீட்டில் டக்ட் இல்லையென்றால், தாராளமாக. டக்ட் இல்லாமல் அறையிலேயே பொருத்தும் ஒன்றிரண்டு உள் யூனிட் கொண்ட இன்வெர்ட்டர் மினி ஸ்ப்ளிட் சின்ன வீட்டுக்கு அருமையாகப் பொருந்தும். புதிதாக டக்ட் இழுத்து இரண்டு நிலை மெஷின் போடுவதைவிட அதில் பெரும்பாலும் செலவும் குறைவு. டக்ட் என்பதே பெரிய செலவு.

ஏற்கெனவே நல்ல டக்ட் இருக்கிறது, எல்லா அறைக்கும் அதிலிருந்தே காற்று போகிறது என்றால் இரண்டு நிலையின் பக்கம் நியாயம் இருக்கிறது. கட்டுப்பாட்டு போர்டு எளியது, எந்த நிறுவனத்தின் சாதாரண இரண்டு நிலை தெர்மோஸ்டாட்டும் பொதுவாக வேலை செய்யும். பழுது வந்தால் உள்ளூர் டெக்னீஷியன் மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். இன்வெர்ட்டர் போர்டு போனால் அதே நிறுவனத்தின் போர்டு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மின் சிக்கனத்தில் இன்வெர்ட்டர்தான் முன்னே என்பதில் சந்தேகமில்லை. வித்தியாசம் உங்கள் பில்லில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பில்லே சின்னதாக இருக்கும் வீட்டில் மிச்சமும் சின்னதாகத்தான் இருக்கும்.

சீர், எச்எஸ்பிஎஃப் என்று ஏதேதோ எண்கள். எதைப் பார்க்க?

வட அமெரிக்காவில் குளிரூட்டலுக்கு சீர்2, சூட்டுக்கு எச்எஸ்பிஎஃப்2. ஐரோப்பாவில் சூட்டுக்கு எஸ்சிஓபி. எல்லாமே ஒரு பருவம் முழுக்கக் கிடைக்கும் குளிர்ச்சியையோ சூட்டையோ செலவான மின்சாரத்தால் வகுத்த எண். கூடினால் நல்லது. 2023 முதல் அமெரிக்காவில் இந்த வகை ஹீட் பம்புகளுக்கு 14.3 சீர்2, 7.5 எச்எஸ்பிஎஃப்2 குறைந்தபட்சம். முறைக்கு முறை அளவுகோல் வேறு, அதனால் ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. பழைய சீருக்கும் புதிய சீர்2-க்கும்கூட நேர் ஒப்பீடு கிடையாது. புதிய சோதனையில் ஃபேன் கூடுதல் எதிர்அழுத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் அதே மெஷினுக்கு எண் சற்றுக் குறைந்துதான் வரும்.

கணக்கு இப்படி: சீர்2 எண் 15-லிருந்து 17-க்குப் போனால் குளிரூட்டும் மின்சாரம் சுமார் 12 சதவீதம் குறையும். கோடைக்கு 1,500 யூனிட் செலவாகும் வீட்டில் அது கிட்டத்தட்ட 175 யூனிட். உங்கள் மின் கட்டணத்தால் பெருக்குங்கள். மெஷின் 10 முதல் 15 வருடம் ஓடும் என்று வைத்து, கேட்கும் கூடுதல் விலைக்கு அது ஈடாகிறதா பாருங்கள். அரசு மானியம் கிடைக்கும் இடத்தில் எந்த எண்ணுக்கு மேல் மானியம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஒரு புள்ளி குறைவான மாடலை வாங்கி மானியம் முழுவதையும் இழந்தால், மலிவாக வாங்கியதாக ஆகாது.

வெளி யூனிட்டை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே?

குறையும், ஆனால் பெரும்பாலும் வேண்டாம். எண்கள் எல்லாம் குறிப்பிட்ட வெளி யூனிட்டும் உள் யூனிட்டும் சேர்ந்த ஜோடிக்கு உரியவை. ஜோடி மாறினால் அந்தச் சிக்கனம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, வாரன்டியும் சிக்கலாகும். இரண்டு நிலைக்கு உள்ளே இருக்கும் ஃபேனும் வேகம் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய ஒரே வேக ஃபேன் குறைந்த நிலையிலும் முழுக்காற்றை அடித்தால், ஈரம் எடுக்கும் நன்மை பாதி அடிபட்டுவிடும்.

பழைய டக்ட் போதுமா?

முதலில் சோதியுங்கள். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 350 முதல் 400 கன அடி காற்று போக வேண்டும். சூடு மட்டும் தரும் ஃபர்னேஸுக்கென்று போட்ட பழைய டக்ட் குறுகலாக இருந்தால், அதில் அவ்வளவு காற்று போகாது. ஃபேன் திணறும், சத்தம் போடும். டெக்னீஷியன் ஒரு மானோமீட்டரை வைத்து ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது ஃபேன் தள்ள வேண்டிய எதிர்அழுத்தத்தை, அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலான உள் யூனிட்டுகளுக்கு அது 0.5 அங்குல நீர்மட்டத்துக்குள் இருப்பது நல்லது. இணைப்புகளில் கசிவு இருந்தால் மாஸ்டிக் என்ற பசையைப் பூசி அடைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த காற்றைப் பரணுக்கு அனுப்ப எந்த மெஷினும் லாயக்கில்லை.

தெர்மோஸ்டாட் எதுவும் போதுமா?

இரண்டு நிலையையும், ஹீட் பம்பையும், துணை ஹீட்டரையும் சேர்த்துக் கையாளக்கூடியதா என்று பாருங்கள். குறைந்த நிலைக்கு ஒய்1, மேல்நிலைக்கு ஒய்2 என்று வயர் மாட்டும் இரண்டு முனைகள் இருக்க வேண்டும். சுவருக்குள் போகும் கேபிளில் அதற்குப் போதுமான வயர்களும் வேண்டும். வயர் பற்றாமல் ஒய்1, ஒய்2 இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டால் மெஷின் ஆயுள் முழுக்க மேல்நிலையிலேயே ஓடும். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று: இரவில் ஆறேழு டிகிரி குறைத்துவைத்து காலையில் ஏற்றும் பழக்கம் ஹீட் பம்புக்கு ஆகாது. காலையில் அவசரமாகச் சூடேற்ற துணை ஹீட்டர் விழித்துக்கொள்ளும். இரவு முழுக்க மிச்சம் பிடித்தது ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஒன்றிரண்டு டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேஸ் எது நல்லது?

ஆர்-410ஏ விலக்கப்பட்டு வருகிறது. அதன் புவிவெப்ப மதிப்பு, அதாவது கசிந்தால் கரியமில வாயுவைப்போல எத்தனை மடங்கு பூமியைச் சூடாக்கும் என்ற எண், 2,088. அந்த இடத்துக்கு வந்திருப்பவை ஆர்-32 (675), ஆர்-454பி (466). இரண்டும் மெல்ல எரியக்கூடிய வகை என்பதால் கசிவு உணரியும் முறையான நிறுவலும் வேண்டும். வீட்டுக்காரருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தள்ளுபடியில் வரும் பழைய 410ஏ மெஷின் ஆசைகாட்டும். பத்து வருடம் கழித்து அதற்குக் கேஸ் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

குளிர்காலத்தில் வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறதே, தீயா?

நீராவிதான். காயிலில் படியும் உறைபனியை உருக்க மெஷின் சில நிமிடம் திசைமாறி ஓடும். உருகிய நீர் வடிய இடம் விட்டு, யூனிட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பனி பெய்யும் இடமென்றால் பனி குவியும் உயரத்துக்கு மேலே. பல மணி நேரமாகியும் காயில் முழுக்கப் பனிக்கட்டியாகவே இருந்தால் டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வைஃபை, தொடுதிரை, நிறுவனத்தின் சொந்தத் தெர்மோஸ்டாட், தேவைக்கு மீறிய துணை ஹீட்டர் எல்லாம் இல்லாமலே வாழலாம். ஒரே தொழிற்சாலையில் செய்து வேறு பெயரில் மலிவாக விற்கப்படும் மாடல்கள் உண்டு. பளபளப்பு குறைவாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் அதே சரக்கு. பருவம் இல்லாத மாதங்களில் வேலையைக் கொடுத்தால் கூலி பேச இடமிருக்கும், அவசரமும் இருக்காது.

நிறுவும் வேலையில் மட்டும் கைவைக்காதீர்கள். சுமாரான மெஷினை ஒழுங்காகப் பொருத்தினால் நன்றாக ஓடும். உயர்ந்த மெஷினையும் ஏனோதானோ என்று பொருத்தினால் வீண்தான்.

நிறுவும் நாளில் நான் என்ன பார்க்க வேண்டும்?

செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓட விடுகிறார்களா பாருங்கள். இல்லையென்றால் உள்ளே கறுப்பாகச் செம்பு ஆக்சைடு படிந்து பின்னாளில் வால்வை அடைக்கும். பிறகு நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும். அடுத்து வேக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது: வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். "அரை மணி நேரம் ஓடிவிட்டது, போதும்" என்பது அளவு ஆகாது. கேஜைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, அவர்கள் கிளம்பும் முன் தெர்மோஸ்டாட்டில் ஒரு டிகிரி மட்டும் மாற்றிக் குறைந்த நிலையில் ஓடவிடுங்கள். பிறகு ஐந்தாறு டிகிரி மாற்றி மேல்நிலை ஏறுகிறதா என்று வெளி யூனிட்டின் அருகில் நின்று கேளுங்கள். சத்தம் மாற வேண்டும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரும் கூட வேண்டும். இரண்டும் மாறவில்லையென்றால் ஒய்2 வயர் எங்கே போயிருக்கிறது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பணத்தின் கடைசித் தவணையை அதன் பிறகு கொடுங்கள், வாரன்டிப் பதிவையும் அன்றே முடித்துவிடுங்கள். பல நிறுவனங்கள் பதிவுக்கு 60 அல்லது 90 நாள்தான் தருகின்றன.